நார்வே எதிர்த்து வாக்களித்தது

பராகுவே நாட்டுக்குக் கடல் கிடையாது. ஆனாலும் அது இரண்டு நாட்களாக வாய் ஓயாமல் மீன்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

நிஜப் பராகுவே அல்ல. பத்தாம் வகுப்பு மாணவி. தோழியின் அக்காவுடைய கறுப்புக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு, நாட்டின் பெயர் எழுதிய அட்டையை முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பல பள்ளிகளிலிருந்து வந்த மாணவர்கள் ஆளுக்கொரு நாடாக அமர்ந்து பேசும் மாதிரி உலக மாநாடு அது. இருபத்தைந்து நாடுகள். விவாதப் பொருள், கடல் மீன்வளம். அரங்கத்துக்குள் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. வாய் தவறிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மதிப்பெண்ணில் கை வைப்பார்கள். அதனால் கென்யா கொட்டாவி விட்டது. ஜப்பான் பேனா இரவல் கேட்டது. பக்கத்து நாற்காலியில் அவள் வகுப்புத் தோழி பெரு, மேசைக்கு அடியில் ஷூவைக் கழற்றிவிட்டுக் கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தது.

எதிர் வரிசையில், ஜன்னலோரம், நார்வே.

நார்வே அவளுடைய அண்ணன்.

பதினாலு மாதம். அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது, வீட்டுச் சாமான்களோடு பிள்ளைகளையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஃபிரிட்ஜும் அவளும் அம்மாவுக்கு. வாஷிங் மெஷினும் அண்ணனும் அப்பாவுக்கு. நகரத்தின் இரண்டு கோடியில் இரண்டு வீடுகள். அதற்குப் பிறகு அம்மாவிடம் அந்த இருவர் பேச்சை எடுத்தால், பாத்திரம் கழுவும் சத்தம்தான் பதிலாக வரும்.

அவளுக்குத் தனியாகப் போன் கிடையாது. பெருவின் போனிலிருந்து பதினொரு தடவை அண்ணனைக் கூப்பிட்டிருந்தாள். "அண்ணா" என்ற ஒற்றைச் சொல்லைத் தாண்ட முடிந்ததில்லை. டக். அந்தப் பக்கம் வைத்துவிடுவான்.

ஏன்? அம்மாவோடு போனதற்காகக் கோபமா? இனி தங்கையே வேண்டாமா? அந்தக் கேள்வி பதினாலு மாதமாக அவள் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. மாநாட்டுப் பட்டியலில் அவன் பள்ளியைப் பார்த்த அன்று, பட்டியலைப் பைக்குள் திணித்துவிட்டு, "நானும் பேர் குடுக்கறேன்" என்றாள்.

எல்லாம் சரி. மாணவிகளுக்குத் துணையாக வந்த டீச்சர் யார்?

அம்மா!

கணக்கு டீச்சர். இடைவேளை மணி அடித்தால் முன் வாசலில் நிற்பாள். சாப்பாட்டில் பக்கத்து நாற்காலி. கை கழுவப் போனால் கைக்குட்டையோடு பின்னாலேயே வருவாள். எதிர் வரிசைக்காரர்களுக்கோ பின் வாசல், வேறு கட்டடத்தில் சாப்பாடு. அம்மா நுழைய முடியாத ஒரே இடம் இந்த அரங்கம்தான். அமர்வு நடக்கையில் ஆசிரியர்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் அமர்வு நடக்கையில் நாற்காலியை விட்டு எழவும் அனுமதி இல்லை.

சீட்டு அனுப்பலாம். அதை ஒரு கல்லூரி மாணவி வரிக்கு வரி படித்துவிட்டுத்தான் கொண்டுபோவாள். நேற்று அவள் அனுப்பிய "ஏன் போனை எடுக்கல?" சிவப்பு மையில் திரும்பி வந்தது: மீன்வளத்துக்குத் தொடர்பில்லாதது.

ஆக, மிச்சமிருந்தது ஒரே வழி. தனிக் கலந்துரையாடல். ஏதாவது ஒரு நாடு அதைக் கோரி, பாதிக்கு மேற்பட்ட நாடுகள் ஆதரித்தால், பத்து நிமிடம் எல்லோரும் எழுந்து யாரிடம் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம்.

இது கடைசி அமர்வு. மணி பன்னிரண்டு ஐந்து. ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு பஸ்.

அட்டையைத் தூக்கினாள்.

"பராகுவே பத்து நிமிடத் தனிக் கலந்துரையாடலைக் கோருகிறது."

"மீனைப் பத்தியா?" என்று பெரு உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தது. "உன் நாட்டுல வாளியில கூடக் கடல் கிடையாதேடி."

"சும்மா இரு."

மேடையிலிருந்த தலைவர், கல்லூரி இறுதியாண்டுக்காரி. மரச் சுத்தியலைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் நிஜ உலகத்தையே அடக்கிவிடுவாள் போலிருந்தது. "நடைமுறை வாக்கெடுப்பு. ஆதரவு, இல்லாட்டி எதிர்ப்பு. நடுநிலை கிடையாது."

ஆதரவு பத்து. எதிர்ப்பு பதினைந்து.

தோற்றது அவளுக்கு உறைக்கவில்லை. எதிர்ப்புப் பக்கம் நிமிர்ந்து நின்ற அட்டைகளில் ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நார்வே.

"உங்கண்ணன் எதிர்த்துப் போட்டுட்டான்டி!"

"நார்வேக்கு ஏதாவது கொள்கை இருக்கும்."

"கொள்கையாவது வெங்காயமாவது. அவன் உன்னைப் பாக்கவே பயப்படறான். மூஞ்சியைப் பாரு, ஊசி போட வந்த பிள்ளை மாதிரி."

இரண்டு பேர் பேசி முடித்த பிறகு அதே கோரிக்கையை மறுபடி எழுப்பலாம். அதுதான் விதி. இன்னும் மூன்று வாக்குகள் வேண்டும். இரண்டு பேச்சுகளுக்குள் பிடிக்க வேண்டும். சீட்டுகள் பறந்தன.

ஃபிஜிக்கு: 'ஆதரித்தால், சிறு படகுகளுக்கு நீங்கள் கேட்கும் விலக்கைப் பராகுவே ஆதரிக்கும்.' பதில்: 'மகிழ்ச்சி.'

கென்யாவுக்கு எழுதும் முன்பே கென்யாவிடமிருந்து வந்தது: 'கலந்துரையாடலின்போது பாத்ரூம் போகலாமா?' தாராளமாக என்று எழுதி மூன்று தடவை அடிக்கோடிட்டாள்.

மூன்றாவது, போர்ச்சுகல். தலைமுடிக்கு அரை டப்பா ஜெல் தடவிய பையன். அவன் பதில் இரண்டே வரி. 'உங்கள் வரைவுத் தீர்மானம் நன்றாக இருக்கிறது. அதில் முதல் பெயர் போர்ச்சுகலாக இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.'

மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய வரைவு. முதல் பெயர் யாருடையதோ அவருக்குத்தான் கோப்பை கிடைக்கும் என்று அரங்கத்தில் அத்தனை பேருக்கும் தெரியும்.

பெரு பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. "குடுக்காதே. கோப்பை உன்னுதுடி. மாநாடு முடிஞ்சப்புறம் ஓடிப்போய்ப் பேசிக்கலாம்."

"முன் வாசல்ல அம்மா நிப்பாங்க. அவன் பின் வாசல்ல போயிடுவான்."

"அதுக்காக?"

அவள் 'சம்மதம்' என்று எழுதினாள்.

இரண்டாவது பேச்சாளர் உட்கார்ந்ததும் அட்டை மேலே போனது. அதே கோரிக்கை. தலைவர் ஒருமுறைக்கு இருமுறை எண்ணினார்.

ஆதரவு பதிமூன்று. எதிர்ப்பு பன்னிரண்டு. சுத்தியல் விழுந்தது.

நார்வே இந்தத் தடவையும் எதிர்ப்பில்தான் இருந்தது.

சுவரில் மிச்ச நேரம் காட்டும் திரை ஒளிர்ந்தது. 10:00.

இருபத்தைந்து நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தன. கென்யா பறந்தது. அவள் இரண்டு எட்டு வைப்பதற்குள் ஜெல் வாசனை வழி மறித்தது.

"முதல்ல பேரை மாத்துங்க பராகுவே. அப்புறம் எங்க வேணா போங்க."

குனிந்து அடித்து எழுதினாள். 8:15. ஃபிஜி தோளைத் தொட்டு, சிறு படகு என்றால் எத்தனை அடி என்று கேட்டது. "நீங்க எத்தனை சொல்றீங்களோ அத்தனை." 7:20.

நார்வேயைச் சுற்றி ஜப்பானும் ஐஸ்லாந்தும் நின்றன. அவள் வருவதைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஜப்பானிடம் இன்னும் வேகமாகப் பேச ஆரம்பித்தான். திமிங்கிலம், வலைக்கண், பருவத் தடை. இல்லாத கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னான்.

6:05.

"நார்வே."

திரும்பவில்லை.

"அண்ணா."

வாக்கியம் பாதியில் நின்றது.

"சொந்தப் பேர் சொல்லக் கூடாதே?" என்றாள் ஐஸ்லாந்து.

"அண்ணாங்கறது பேரா? எந்தப் பள்ளிக்கூட ரிஜிஸ்டர்ல இருக்கு?" என்று பராகுவே சீறிய சீறலில், ஐஸ்லாந்தும் ஜப்பானும் கண்ணோடு கண் பேசிக்கொண்டு விலகிப் போயின.

இருவரும் ஜன்னலோரம் நின்றார்கள். வெளியே பஸ்கள் வரிசை கட்டியிருந்தன. அவன் அவற்றையே பார்த்தான்.

"ஏன் எதிர்த்துப் போட்டே?"

"நார்வே கொள்கை."

"ரெண்டு தடவையுமா? என்னைப் பாத்துச் சொல்லு. நான் என்ன பண்ணினேன்? அம்மாகூடப் போன்னு சொன்னதே நீதானே?"

"நீ ஒண்ணும் பண்ணல வாலு."

வாலு. பதினாலு மாதமாக இந்த உலகத்தில் ஒருவரும் அவளை அப்படிக் கூப்பிடவில்லை. சேர்த்து வைத்திருந்த கோபம் அத்தனையும் காலுக்கடியில் நழுவிப் போயிற்று. அதை இழுத்துப் பிடிக்கப் பார்த்தாள்.

"பின்ன ஏன் போனை வெச்சே? பதினொரு தடவை."

"பன்னெண்டு."

"பதினொண்ணு. நான் எண்ணினேன்."

"பன்னெண்டாவது நான் பண்ணினது. உன் ஃபிரண்டு எடுத்தா. வெச்சுட்டேன்."

3:40.

"உன் குரலைக் கேட்டா, பையைத் தூக்கிட்டுக் கிளம்பி வந்துடுவேன்" என்றான். "என்னைப் பத்தி எனக்குத் தெரியும். வந்துட்டா அப்பா என்ன பண்ணுவார்? அவர் இன்னும் பாத்ரூம் கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள போறார். வீட்ல இருக்கறது ரெண்டே பேர். நான் அவர் கண்ணு முன்னாடிதான் நிக்கறேன். அப்பவும் தட்டுறார். தட்டிட்டு ஒரு நிமிஷம் நிக்கறார். அவரை எப்படி விட்டுட்டு வர்றது, சொல்லு."

பழைய வீட்டில் நாலு பேருக்கு ஒரு பாத்ரூம். காலையில் அந்தக் கதவுக்கு வெளியே நடந்த சண்டைகளை நினைத்தால் அவளுக்கு இப்போதும் காது வலிக்கும். அந்த வலி வேண்டும்போலிருந்தது.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்றான், பஸ்ஸிடம் கேட்பதைப்போல.

"இளைச்சுட்டாங்க. சண்டை போட ஆள் இல்ல."

அவன் மூக்கால் சிரித்தான். அதே சிரிப்பு. ஓடிப்போய் அதை ஒரு டப்பாவில் போட்டு மூடிவிடலாமா என்றிருந்தது.

"வான்னு நான் கூப்பிடவே மாட்டேன்" என்றாள். "போனை மட்டும் எடு. மீனைப் பத்திக்கூடப் பேசறேன்."

"நீ பேசவே வேண்டாம் வாலு. அந்தப் பக்கம் மூச்சு விட்டாலே போதும், நான் கிளம்பிடுவேன்."

அதற்கு மேல் என்ன கேட்பது? கோபம் இருக்கிறதா என்று கேட்க வந்தாள். கோபம் இல்லை. அதனாலேயே இனி போன் எடுக்கமாட்டான். இந்தப் பதில் மீன் முள்ளைவிடக் கூர்மையாக இருந்தது.

"கண்ணாடி எப்போ போட்டே?" என்று கேட்டான் திடீரென்று.

"ஆறு மாசம் ஆச்சு."

"ஆந்தை மாதிரி இருக்கே."

"நீ மட்டும்? மீசையா அது, பென்சில் கிறுக்கலா?"

அவன் மேலுதட்டைத் தடவிக்கொண்டான். 0:09. இன்னும் எவ்வளவோ இருந்தது. பூனை என்ன ஆச்சு, கைவிரல் எலும்பு சேர்ந்துவிட்டதா, பரீட்சை எப்போது, ராத்திரியில் இன்னும் தூக்கத்தில் பேசுகிறானா. ஒன்றைக்கூடக் கேட்க முடியவில்லை. சுத்தியல் விழுந்துவிட்டது.

"எல்லா நாடுகளும் இருக்கைக்குத் திரும்பவும்."

திரும்பினாள். பெரு தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தது. தலைவர் அடுத்த வாக்கெடுப்புக்காகத் தாளைப் புரட்டினார்.

"தலைவர் அவர்களே."

எதிர் வரிசையில் ஓர் அட்டை.

"நார்வே, கலந்துரையாடலை ஐந்து நிமிடம் நீட்டிக்கக் கோருகிறது."

அரங்கம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. தலைவரின் புருவம் உயர்ந்தது. "நார்வே ரெண்டு தடவையும் எதிர்த்ததே?"

"நார்வே..." குரல் பிசிறியது. "நார்வே தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்கிறது."

எழுந்து நின்ற அவனை அவள் இப்போதுதான் முழுதாகப் பார்த்தாள். கோட்டின் கை, மணிக்கட்டுக்கு வெகு மேலேயே முடிந்துபோயிருந்தது.

அவள் அட்டையைத் தலைக்கு மேல் உயர்த்தினாள். பெரு உயர்த்தியது. ஃபிஜி நன்றி மறக்கவில்லை. தலைவர் எண்ணிக்கொண்டே வந்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. கென்யா வயிற்றைத் தடவிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தது, அட்டையைத் தூக்கவில்லை. அவள் போர்ச்சுகலைப் பார்த்தாள். வேண்டியது கிடைத்துவிட்ட போர்ச்சுகல், நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆதரவு பன்னிரண்டு. எதிர்ப்பு பதிமூன்று. கோரிக்கை தோற்றது."

அதன் பிறகு நடந்தது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. உலகத்து மீன்கள் காப்பாற்றப்பட்டன. கைதட்டினார்கள். போர்ச்சுகல் மேடையேறியது. பின் வாசல் வழியாகக் கூட்டம் நெருக்கியடித்து வெளியேறியபோது, எல்லாத் தலைகளுக்கும் மேலே நார்வேயின் அட்டை மட்டும் நெடுநேரம் தெரிந்தது. கதவின் நிலையில் இடித்து, குனிந்து, மறைந்தது.

முன் வாசலில் அம்மா. "கோப்பை?"

"போர்ச்சுகலுக்கு."

"உன் வரைவு என்னாச்சு?"

"குடுத்துட்டேன்மா. வேற ஒண்ணு வேண்டியிருந்துச்சு."

"அதைவிடப் பெருசா என்னடி வேண்டியிருந்துச்சு?"

"பத்து நிமிஷம். அப்புறம் இன்னும் அஞ்சு நிமிஷம் கேட்டுப் பாத்தோம். பன்னெண்டுக்குப் பதிமூணு. தோத்துட்டோம்."

"யார் கேட்டது?"

"நார்வே."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மா ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தாள்.

"நார்வேன்னா அண்ணன்மா."

நடை நின்றது. பாத்திரம் கழுவும் சத்தத்தை எதிர்பார்த்து அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். இந்த நடைபாதையில் குழாய் இல்லை, பாத்திரம் இல்லை. அம்மா கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். சரியாக இருந்த வாரை மறுபடி சரிசெய்தாள். ஒவ்வொரு பள்ளியாகப் பக்கத்தில் கடந்து போயிற்று.

"எவ்வளவு உயரம் இருக்கான்?" என்றாள் கடைசியில்.

அவள் உள்ளங்கையைத் தன் தலைக்கு மேலே வைத்துக் காட்டினாள். போதவில்லை. குதிகாலைத் தூக்கி, இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

அம்மா அவளைப் பார்க்கவில்லை. அந்தக் கைக்குக் கீழே, ஆள் இல்லாத இடத்தைப் பார்த்தாள். முகம் இருக்கவேண்டிய இடம். தோள் இருக்கவேண்டிய இடம்.

"டீச்சர், பஸ்ஸு!" என்று பெரு படிக்கட்டுக்குக் கீழேயிருந்து கத்தியது.

"வர்றோம், வர்றோம்" என்றாள் அம்மா, அந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். பிறகு மகளிடம், மெதுவாக:

"நீ கையை எடுக்காதே."