சம்பந்தி போர்த்திய சாபான்

எங்கள் பட்டறையில் ரம்ப மேசைக்குப் பக்கத்தில் போகிறவர்கள் முதலில் என் வாயைத் தாண்டவேண்டும். முழுக்கைச் சட்டையா, மடித்து விடு. மோதிரமா, கழற்று. கையுறை கூடவே கூடாது. கோக்கந்த் மரச் சந்தையில் எனக்கு ராங்கிக்காரி என்று பெயராம். இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் விரல்கள் முழுசாக இருக்கின்றன.

அந்த ஜூலையில் ரிஷ்தானிலிருந்து சம்பந்தி தூராபும் அவர் மனைவி ஹோசியத்தும் வந்தார்கள். அவர்கள் மகளை என் மகன் இல்ஹோமுக்குப் பேசி, நிச்சயத்துக்கான ரொட்டியும் பிட்டாயிற்று. கல்யாண நாள் குறிப்பதுதான் பாக்கி. தூராப் நல்லவர், ஆனால் தொட்டாற்சுருங்கி. மூத்த மகளுக்கு வந்த இடத்தில் கிண்ணம் நிறையத் தேநீர் ஊற்றிவிட்டார்கள், ‘போ’ என்று சொல்லாமல் சொல்கிறார்கள் என்று அந்தச் சம்பந்தத்தையே உதறியவர். அதனால் தேநீரைப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றவேண்டும் என்று அன்று காலையிலேயே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

வந்ததும் தூராப், தான் உடுத்தியிருந்ததைப் போலவே ஒரு சாபானை என் கணவர் எர்காஷுக்குப் போர்த்தி இடுப்பில் கச்சை கட்டிவிட்டார். பட்டில் பஞ்சு வைத்துத் தைத்த, கணுக்கால் தொடும் அங்கி. சம்பந்தி போர்த்தியதை அவர் வாசல் தாண்டும்வரை கழற்றக்கூடாது. கழற்றினால் அவரையே கழற்றி எறிந்த மாதிரி. எர்காஷ் வேர்த்து வழிந்தார், சிரித்துக்கொண்டே.

அத்தோடு விட்டாரா? காரிலிருந்து ஒரு அக்ரூட் பலகையை இறக்கினார் தூராப்.

“என் தோட்டத்து மரம். பொண்ணோட சீர்ப்பெட்டிக்கு முதல் பலகைய நீங்கதான் அறுக்கணும், சம்பந்தி. இந்த சாபானோடயே. நான் கண்ணால பாக்கணும்.”

என் கணவருக்கு யாருக்கும் ‘மாட்டேன்’ சொல்ல வராது. நேராகப் பட்டறைக்குப் போய் மெஷினைப் போட்டார். சாபானின் கை விரல்நுனியைத் தாண்டித் தொங்கியது. சுருட்டிச் சுருட்டி விட்டார். அது வழுக்கி வழுக்கி இறங்கியது. பலகையை மேசையில் வைத்தார். சுற்றும் பல்லுக்கு ஒரு சாண் தள்ளி அந்தப் பட்டுக் கை ஊர்ந்தது.

கத்தினால் திரும்பிப் பார்ப்பார், கை போய்விடும். சுவரோரம் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினேன். ரம்பத் தகடு உடனே நிற்காது. முனகி முனகித்தான் அடங்கியது.

“என்ன இது?” என்றார் தூராப்.

“சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. இல்ல, எடுத்துக்கிட்டாலும் சரி. ஒண்ணு சாபான், இல்ல ரம்பம். ரெண்டும் சேர்ந்து இந்தப் பட்டறையில நடக்காது.”

“நான் போர்த்தினது அவ்வளவு கேவலமாப் போச்சா?” முகம் சிவந்து வாசலைப் பார்த்து நடந்தார். போச்சு, கல்யாணம் போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நில்லுங்க,” என்றார் ஹோசியத். அதுவரை வாய் திறக்காதவர். “நீங்க போர்த்தின சாபானோட என் தம்பி தந்தூர்ல ரொட்டி ஒட்டப் போனானே, ஞாபகம் இருக்கா? முழங்கை வரைக்கும் பொசுங்கிச்சு. மரியாதை மரியாதைன்னு அவன் பொண்டாட்டியும் வாயத் திறக்கல, நானும் திறக்கல. என் பொண்ணு போற வீட்டுல வாயத் திறக்க ஒருத்தி இருக்கா. எனக்கு அது போதும்.”

தூராப் தாடியை மென்றபடி நின்றார். பிறகு திரும்பி வந்து, எர்காஷின் கச்சையைத் தானே அவிழ்த்து, சாபானை எடுத்து என் தோளில் போர்த்தினார்.

“இந்த வீட்டுக்குப் பெரியவங்க யாருன்னு தெரியாம ஆள மாத்திப் போர்த்திட்டேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் மெயின் சுவிட்சை ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் பார்த்தேன். அரைக்கைச் சட்டையில் எர்காஷ் தகட்டின் மூடியை இறக்கி, அதன் நேருக்கு நிற்காமல் ஒதுங்கி நின்று, பலகையைத் தள்ளும் கட்டையைக் கையில் எடுத்தார். சுவிட்சை ஏற்றிவிட்டு வெளியே வந்தேன். சாபானோடு எனக்கு மட்டும் உள்ளே என்ன வேலை?

“நீங்களும் வெளிய வாங்க சம்பந்தி,” என்றேன். “உங்க மேலயும்தான் சாபான் தொங்குது.”

தூராப் தன் நீண்ட கைகளைப் பார்த்தார். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளே ரம்பம் அக்ரூட்டை அறுக்கத் தொடங்கியது. வெளியே, கொளுத்தும் வெயிலில், ஆளுக்கொரு பஞ்சு அங்கியில் வேர்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் கல்யாண நாளைக் குறித்தோம்.