கலரைப் பார்த்து வா

துறைமுக நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போவதென்று முடிவானதும் அம்மா செய்த முதல் வேலை, எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே துணியில் சட்டை தைத்ததுதான். அம்மாவுக்குச் சீருடை தைக்கும் கம்பெனியில் வேலை. கட்டிங் மாஸ்டர் மீந்த துணியைக் கட்டாகக் கட்டி மலிவாகக் கொடுப்பார். இந்த முறை வந்தது கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு. பாக்கெட்டின் மேல் வைத்துத் தைக்கும் சாம்பல் பட்டையும் கொஞ்சம் இருந்தது. எந்த ஆர்டர் எந்த ஊருக்குப் போகிறது என்று தைப்பவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

"நாம ஊர் பாக்கப் போறமா, ரோடு போடப் போறமா?" என்றார் மாமா. அவர் அம்மாவின் தம்பி. கேலி பேசினாலும் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால்தான் நின்றிருந்தார்.

"கூட்டத்துல தொலைஞ்சா பளிச்சுனு தெரியும்டா."

"என்னை யாருக்கா தேடப் போறா? விட்டது தொல்லைனு ரயில் ஏறிருவீங்க."

சட்டை அம்மாவின் யோசனை என்றால், விதி அப்பாவுடையது. அப்பா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்தப் பேருந்து எந்த மேடையில் நிற்கிறது என்று சொல்வதற்கு நடுவே, தொலைந்த பிள்ளைகளின் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்வார். ஒருமுறை அப்படிச் சொன்ன பெயரைக் கேட்ட எவனோ ஒருவன், அதே பெயரைச் சொல்லி அந்தக் குழந்தையைக் கூப்பிட்டு, கையைப் பிடித்து வெளியே நடத்திக்கொண்டு போய்விட்டான். பழக்கடைக்காரர் சந்தேகப்பட்டு மறித்ததால் பிள்ளை கிடைத்தது. அதிலிருந்து அப்பாவுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்றாலே பயம்.

ரயிலில் அப்பா என் தங்கை பட்டாணியை மடியில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். அவளுக்கு ஆறு வயது.

"யாராச்சும் பேரு சொல்லிக் கூப்பிட்டா?"

"திரும்பக் கூடாது."

"எதைப் பாக்கணும்?"

"கலரை."

"பாத்து?"

"பின்னாடியே போகணும்."

"சமத்து."

நல்ல விதி என்றுதான் எனக்கும் பட்டது. நான் மாலை வகுப்பில் கணக்குப் பதிவியல் படிக்கிறேன். மேலிருந்து கூட்டியதைக் கீழிருந்தும் ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது அங்கே முதல் நாளே சொல்லிக்கொடுத்தது. இந்த விதியை அப்படிக் கீழிருந்து பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

படகுத்துறை கடலோரச் சாலையில் இருந்தது. எதிர்ப்பக்கம் துறைமுகத்தின் நீண்ட சுவர், அதில் ஓர் இரும்புக் கதவு, சுவருக்கு மேலே பாரந்தூக்கிகளின் தலைகள். மாமா படகுக்குச் சீட்டு வாங்க வரிசையில் நின்றார். அப்பாவும் அம்மாவும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டாணி என் பக்கத்தில், கைப்பிடிச் சுவரில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

சங்கு ஊதியது. வேலை மாறும் நேரம் போலிருக்கிறது. இரும்புக் கதவு திறந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். பேருந்துகளிலிருந்து இறங்கியவர்கள் உள்ளே போனார்கள். சாலை நிரம்பிவிட்டது. அத்தனை பேரும் ஆரஞ்சுச் சட்டை.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாவும் வரிசையிலிருந்து, "அக்கா, நம்ம சொந்தக்காரங்க வந்துட்டாங்க" என்று கத்தினார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தன்னைத் தாண்டிப் போன ஒருவரின் சட்டைப் பையையே பார்த்தாள்.

"இது நான் தைச்ச பட்டை," என்றாள்.

நான் திரும்பினேன். கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் பட்டாணி இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். எங்கே பார்த்தாலும் எங்கள் சட்டை. இடுப்பு உயரத்தில் ஒரு சின்ன ஆரஞ்சைத் தேடினால், மடக்கிய கைகளும் குனிந்த முதுகுகளும் அப்படியே தெரிந்தன. அம்மா பெயர் சொல்லி அலறத் தொடங்கினாள். அப்பா அவள் தோளைப் பிடித்தார்.

"கத்தாதே. பேரைக் கண்டவனும் தெரிஞ்சுக்குவான்."

"அப்ப எப்படிங்க தேடுறது? சொல்லுங்க, எப்படித் தேடுறது?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் வழி தவறவில்லை. சொன்னதைத்தான் செய்கிறாள். கலர் எங்கே போகிறதோ அங்கே போகிறாள். கலரில் பாதி அந்தக் கதவுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அப்பாவிடம் கதவைக் காட்டிவிட்டு ஓடினேன். காவலாளியிடம் சொல்ல வேண்டியதை ஓடும்போதே மனத்துக்குள் கோத்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"லேட்டா வந்துட்டு ஹெல்மெட்டும் இல்லாம வரீங்க. போம்மா, போ, வழியை மறிக்காத."

உண்மையைச் சொன்னால் வெளியே நிற்க வைத்து விசாரிப்பாரோ என்று வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன். சொல்லியிருந்தால் உள்ளே ஓடும் வண்டிகளை நிறுத்தியிருப்பார்களோ என்னவோ. நான் செய்தது சரியா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை.

உள்ளே சரக்குப் பெட்டிகள் இரண்டு பக்கமும் வீடுகளை விட உயரமாக அடுக்கப்பட்டிருந்தன. நடப்பதற்குத் தரையில் ஒரு மஞ்சள் கோடு. அதைத் தாண்டினால் டிரெய்லர் லாரிகள் ஓடும் பாதை. தூரத்தில் ஓர் ஆள் போய்க்கொண்டிருந்தார். காதில் சத்தம் கேட்காதிருக்கப் போடும் மூடி. அவருக்குப் பின்னால், அவருக்கே தெரியாமல், பட்டாணி. அவர் நடைக்கு ஈடுகொடுக்க அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அவர் கோட்டை விட்டு இறங்கி, லாரிப் பாதையைக் குறுக்கே கடந்தார். அவளும் இறங்கினாள்.

பெட்டிகளுக்கு இடையிலிருந்து ஒரு டிரெய்லர் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. பீப் பீப் என்று சத்தம். ஓட்டுபவர் இருந்தது அந்த நீளத்தின் மறுமுனையில்.

"பட்டாணி!"

அவள் தோள்கள் விறைத்தன. கேட்டுவிட்டது. ஆனால் திரும்பவில்லை. தலையை இன்னும் குனிந்துகொண்டு, அந்த ஆளின் சட்டையையே பார்த்தபடி வேகமாக நடந்தாள். நான் மறுபடி கூப்பிட்டேன். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அவள் இன்னும் வேகமாக என்னை விட்டு ஓடினாள். அதனால் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் ஓடினேன். வாயைத் திறந்தால் அவளை அந்தச் சக்கரத்தின் அடியில் நானே தள்ளியதாகிவிடும் என்று இருந்தது.

அவள் சட்டையின் முதுகுப்பக்கம் என் கைக்கு அகப்பட்டது. இழுத்தேன். இருவரும் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தோம். டிரெய்லரின் பின்சக்கரங்கள் அவள் நின்ற இடத்தின் மேல் நிதானமாக ஏறிப் போயின. அந்த ஆள் கடைசிவரை திரும்பிப் பார்க்கவில்லை.

பட்டாணி அழவில்லை. எழுந்து என் சட்டைப் பையைப் பார்த்தாள். சாம்பல் பட்டையைத் தொட்டாள். பிறகு என் கைக்குள் தன் கையை வைத்துக்கொண்டு நடக்கத் தயாரானாள். முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தச் சட்டையில் வேறு யார் கை நீட்டியிருந்தாலும் இப்படித்தான் வைத்திருப்பாள்.

"பட்டாணி, நான்தான்டி," என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தாள். "அக்கா, யாரோ என்னைக் கூப்பிட்டுக்கிட்டே வந்தாங்க. நான் திரும்பவே இல்ல."

அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. நான்தான் கூப்பிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்பாவும் மாமாவும் கதவருகே காவலாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். காவலாளி எங்களைப் பார்த்ததும் பாதி வார்த்தையில் நின்றுவிட்டார். அம்மா பட்டாணியைப் பறித்துக்கொண்டு, முதல் வேலையாக அவள் சட்டையைத் தலை வழியாக உருவினாள். பெட்டிக்கோட்டோடு நின்ற பிள்ளைக்குக் கடற்காற்றில் உடம்பு சிலிர்த்தது. மாமா ஒரு கேலியும் செய்யவில்லை. கையில் ஐந்து படகுச் சீட்டுகளைக் கசக்கிப் பிடித்திருந்தார்.

உள்ளே நடந்ததை அப்பாவிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னேன். அவர் பட்டாணியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"இங்க பாரு கண்ணு. இனிமே கலரைப் பாத்துப் போகக் கூடாது."

"சரிப்பா. பேரு சொல்லிக் கூப்பிட்டா?"

அப்பா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"திரும்பணுமா, கூடாதா?" என்று மறுபடி கேட்டாள்.

எங்களைச் சுற்றி ஆட்கள் இன்னும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். நாளைக்குத் தெருவில் இறங்கினால் எதை நம்பி நடப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும் அவளுக்கு. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.