ஆடி மழையில் அடித்த சுண்ணாம்பு

தாராவியில் தங்கசாமியின் ரூமை விலைக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வாசலோடு திரும்பிவிட்டார்கள். குற்றம் சுவரில். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவன் மனைவி சீனியம்மாள் ஆக்கிப் போட்ட புகை அத்தனையும் அங்கேதான் குடியிருந்தது.

பம்பாயின் புறநகரான பாண்டுப்பில் ஒரு வீடு பேசி வைத்திருந்தார்கள். வீட்டுக்குள்ளேயே குழாய்! நினைத்தாலே சீனியம்மாளுக்கு நெஞ்சு குளிரும். தெருக்குழாயடியில் சண்டை போட்டுப் போட்டே அவள் குரல் கட்டையாகியிருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரைதான் பொறுப்பேன் என்று பாண்டுப் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அதற்குள் இந்த ரூம் விலைபோகாவிட்டால் அந்தக் குழாய் வேறு யாருக்கோ.

"பெயின்டர்ட்ட சொல்லட்டுமா?" என்றான் தங்கசாமி.

"சுண்ணாம்பு அடிக்க ஆளா? கேக்கதுக்கே வெக்கமா இருக்கு. நான் அடிக்கேன். நீங்க சாமானத் தூக்கி வெளிய வைங்க."

சனிக்கிழமை காலையில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். தேங்காய் நாரால் கரியைத் தேய்த்துக் கழுவினாள். நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, கஞ்சியும் துளி நீலமும் கலந்து இரண்டு பூச்சு அடித்தாள். பொங்கலுக்குப் பொங்கல் ஊரில் வெள்ளையடித்த கை. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஆனால் அவள் போட்ட கணக்கு திருநெல்வேலி வெயிலுக்கான கணக்கு. அங்கே காலையில் அடித்த சுவர் மத்தியானச் சோற்றுக்குள் பளீரென்று வெளுத்துவிடும். இதுவோ பம்பாய், அதுவும் ஆடி மாத மழை. ஞாயிறு விடிந்தும் சுவர் காயவில்லை. ஈரச் சுண்ணாம்புக்கு ஏது வெள்ளை? அடியில் கிடந்த கரிக்கறை திட்டுத்திட்டாக எட்டிப் பார்த்தது. அடிக்காமலே விட்டிருந்தால்கூடத் தேவலை.

"ஏட்டி, ஊரு வெயிலையும் மூட்ட கட்டிக் கொண்டாந்துட்டோம்னு நெனச்சியோ?" என்று தங்கசாமி தலையில் அடித்துக்கொண்டான். "இன்னும் செத்த நேரத்துல கரீம் பாட்சா பொண்டாட்டியோட ரூம் பாக்க வாராரு. போச்சு, எல்லாம் போச்சு!"

சீனியம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை விழுங்கியதும் கோபம் வந்தது. கோபம் வந்துவிட்டால் அவளுக்கு மூளை நன்றாக வேலை செய்யும். விறுவிறுவென்று எதிர் ரூமுக்குப் போனாள். அங்கே இருந்தவள் ஆறுமுகத்தாய். முந்தின நாள்தான் குழாயடியில் இருவரும் ஒருவர் குடத்தை ஒருவர் உருட்டிவிட்டிருந்தார்கள்.

"மதினி, ஒங்க சிக்ரியக் கொஞ்சம் தாங்க." சிக்ரி என்றால் பம்பாய்க்காரர்களின் இரும்புக் கரியடுப்பு.

"எதுக்காம்?"

"நான் பாண்டுப்புக்குத் தொலையணும்னா என் செவரு காயணும்."

"அப்பிடியா சங்கதி! அப்ப தெருவுல உள்ள சிக்ரி பூராத்தையும் கொண்டாரேன்" என்று ஆறுமுகத்தாய் எழுந்துவிட்டாள்.

சொன்னபடியே கொண்டுவந்தாள். புகை அடங்கிக் கரி செக்கச்செவேலென்று கனலும்வரை எல்லாவற்றையும் வாசலிலேயே வைத்திருந்து, பிறகு உள்ளே தூக்கிப் போய்ச் சுவரோரமாக வரிசையாக வைத்தார்கள். கதவை அகலத் திறந்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கரீம் பாட்சாவும் மனைவி ஹபீபாவும் குடையோடு வந்து நின்றார்கள். சுவரைக் கண்டதும் பாட்சாவின் முகம் சுருங்கியது. "என்ன இது, செவரெல்லாம் ஒழுகுதா?"

சீனியம்மாள் மறைக்கவில்லை. "ஒழுகல பாய். நேத்து நான்தான் வெள்ளையடிச்சேன், மழையில காயல. செத்த நின்னு பாருங்க."

நின்றார்கள். ஒரு சிக்ரிக்கு மேலே உள்ளங்கை அகலம் வெளுத்தது. அது பாயகலமாயிற்று. பிறகு வெள்ளை மளமளவென்று மேலே ஏறத் தொடங்கியது. கறையெல்லாம் போன இடம் தெரியவில்லை. "ஏறுது, ஏறுது!" என்று தன் சுவர் போலவே ஆறுமுகத்தாய் கத்தினாள். ஹபீபா குடையை மடக்க மறந்து உள்ளே வந்து நின்றாள். இருண்டு கிடந்த ரூம் மழை நாளிலும் பளபளத்தது.

"நீங்களே அடிச்சியளா?" என்றாள் ஹபீபா.

"நானேதான்."

விலையைக் குறைக்கலாமென்று பாட்சா கூரையை அண்ணாந்து பார்த்துக் கனைத்தார். "சும்மா இருங்க. இந்த ரூம்தான் வேணும்" என்றாள் ஹபீபா. அதோடு பேச்சு முடிந்தது.

பாட்சா அட்வான்ஸ் பணத்தை எடுத்தார். தங்கசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கையை நீட்டினான். ஹபீபா புருஷனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவங்க கையில ஏன் குடுக்கிய? வேல செஞ்ச கை அங்கல்லா நிக்கி!"

நீட்டிய கையால் தங்கசாமி தலையைச் சொறிந்துகொண்டான். சுண்ணாம்பு அரித்து வெடித்திருந்த இரண்டு கையையும் சேலையில் துடைத்துக்கொண்டு, தெருவே பார்க்கச் சீனியம்மாள் முன்னால் வந்து வாங்கினாள்.