வாரத்துக்குப் படித்த பிள்ளை

"கல்வி நாட்டின் கண், கல்விக்கடன் அந்தக் கண்ணுக்கு வங்கி தீட்டும் மை!" கோவில்பட்டிக் கல்விக்கடன் விழாவில், போர்த்திய சால்வை நழுவ நழுவ, கிளை மேனேஜர் சௌந்தரபாண்டியன் முழங்கியது இது. முதல் காசோலை வாங்கிய மாரிசெல்வி மேடையிலேயே கண் கலங்கினாள். படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை நோட்டீஸ் வந்தபோது அந்த மை கரிக்க ஆரம்பித்தது.

எம்.பி.ஏ. படித்தவளுக்குக் கிடைத்தது கடலைமிட்டாய்க் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. அதுவும் போன மாதம்தான். வங்கி கேட்ட தவணை அந்தச் சம்பளத்தைவிடப் பெரியது. கட்டாவிட்டால், ஜாமீன் கையெழுத்துப் போட்ட அப்பா கொம்பையா ஆடுகளை விற்க வேண்டும். அவருக்கு இருப்பதே அந்த ஆடுகள்தான்.

ஆனாலும் அவளுக்கு வங்கிமேல் கோபம் வரவில்லை. அந்தக் கடன் இல்லாவிட்டால் இந்நேரம் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டிக்கொண்டிருப்பாள். அவகாசம் மட்டும் கேட்கலாமென்று அப்பாவோடு போனாள். அதற்காக ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்திருந்த வாக்கியங்கள், மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் நுழைந்ததும் காணாமல் போயின. "தவணைக்குக் கொஞ்சம் டைம் வேணும் சார்" என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

மேனேஜர் முகத்தை இறுக்கிக்கொண்டார். "வேலை கிடைத்து ஆறு மாதம், அல்லது படிப்பு முடிந்து ஓராண்டு. எது முந்துகிறதோ அது. விதி விதிதானம்மா."

கொம்பையா தொண்டையைச் செருமினார். "அய்யா, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சிக்கிடக் கூடாது. வாரத்துக்கு ஆடு விட்டவன், அது ஈனும் முன்னாடி குட்டியக் கொண்டாம்பானா? நம்ம பிள்ளையும் இன்னும் சரியா ஈனலய்யா."

"யப்பா!" மாரிசெல்விக்கு மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

"வாரமா?" மேனேஜரின் புருவம் ஏறியது.

"ஆமாய்யா. ஆடு ஒருத்தருது, மேய்ப்பு நம்மளுது, குட்டியில பாதி பாதி. அது மாதிரி துட்டு ஒங்களுது, பிள்ளை நம்மளுது, சம்பளத்துல பாதி பாங்குக்கு. அப்பிடித்தான கையெழுத்துப் போட்டேன்?"

"எத்தனை வருஷத்துக்கு?"

"அவ சம்பாதிக்கிற வரைக்கும்."

"ஆயுசுக்குமா?" மேனேஜரின் மேடைத்தமிழ் கழன்றுவிட்டது. "ஒமக்கு யாரு வே அப்பிடிச் சொன்னது? வாங்குனதையும் வட்டியையும் கட்டுனா முடிஞ்சுது. அதுக்கு மேல ஒரு பைசா எங்களுக்கு வேண்டாம்."

கொம்பையா இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். "அவ்வளவுதானா! ஏட்டி, கேட்டியா? பாங்குக்காரவிய எவ்வளவு தங்கமானவிய! பாதி போயிரும்னுல்லா நெனச்சிருந்தேன்."

"பாதி போயிரும்னு தெரிஞ்சும் ஏன் வே கையெழுத்துப் போட்டீரு?"

"பிள்ளை படிக்கணும்லாய்யா."

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. எத்தனையோ விழாக்களில் நன்றியுரை கேட்டவர்தான். எதற்கும் அவர் கண்ணாடியைக் கழற்றியதில்லை.

"மண்டல ஆபீசுக்கு எழுதுதேன். இன்னும் ஒரு வருஷம் பொறுக்கட்டும். பெறகும் சின்னத் தவணையாத் தொடங்குவோம். நான் எழுதுனா தட்ட மாட்டாவ."

"ரொம்ப நன்றி சார்," என்றாள் மாரிசெல்வி. கண் நிறைந்துவிட்டது. மேடையில் வந்த கண்ணீரில் போட்டோக்காரருக்கும் பங்கு உண்டு. இது முழுக்க அவளுடையது.

"அய்யா, ஒரு கெடாக்குட்டி கொண்டாரட்டா?" என்றார் கொம்பையா.

"எந்திரிச்சி வெளிய போம் வே!" என்று மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார். சிபாரிசுக் கடிதத்தில் பெண்ணின் படிப்பைப் பற்றிக் கனமாக ஒரு வரி சேர்க்க அவருக்கு ஆசை.

"ப்ராஜெக்ட் எதைப் பத்திம்மா பண்ணுன?"

"கல்விக்கடன் வசூல், சார்."

"அடடே! அதுல என்ன யோசனை சொல்லியிருந்த?"

படிப்பு முடிந்த மறுமாதமே வசூலைத் தொடங்க வேண்டும், யாருக்கும் அவகாசம் தரக்கூடாது என்று மாரிசெல்வி எழுதியிருந்தாள். அதற்குத்தான் கல்லூரியில் முதல் பரிசு.