ஷ்ரொப்ஷயர் வீட்டின் குறைகள்

அந்த வீடு அருமைநாதனுக்கு விமானத்தில் கிடைத்தது. லண்டனிலிருந்து வந்து மொன்ட்ரியாலின் டோர்வல் விமான நிலையத்தில் இறங்கிய விமானத்தை அவர் கூட்டித் துடைத்துக்கொண்டு வந்தபோது, இருபத்திரண்டாம் வரிசையில் யாரோ ஒரு கனவான் பாதி தின்ற சொக்லேற்றையும், இங்கிலாந்தின் நாட்டுப்புற வீடுகளை விற்கும் தடித்த சஞ்சிகை ஒன்றையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். சொக்லேற் குப்பைப் பைக்குப் போனது. சஞ்சிகை அருமைநாதனின் மேலங்கிக்குள் போனது. இரண்டில் எது விலை கூடியது என்று தெரியாதவரா அவர்?

அறுபத்தோராம் பக்கத்தில் நின்றது வீடு. ஷ்ரொப்ஷயர் என்ற இடத்தில், ஒரு பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, கீழே சாம்பல் கல்லும் மேலே மரமுமாக, நான்கு வருடத்துக்கு முன்புதான் கட்டியது. ஆறு படுக்கையறை. ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. குளிருக்குத் தரைக்குக் கீழே சூடு. குதிரை மேய நாலு ஏக்கர். சேற்றுச் சப்பாத்துகளைக் கழற்றி வைக்கவென்றே தனியாக ஓர் அறை.

"சப்பாத்துக்கு அறையோ?" என்றாள் மனைவி அக்னெஸ். அவள் கார்டரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் நாற்பது பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். "எங்கட சப்பாத்துக்கு உந்தளவு வசதி தேவையில்லை. நீங்கள் அதுகளை வாசல்ல விட்டாலே காணும்."

விலை பவுணில் பதினேழரை லட்சம் என்று போட்டிருந்தது. அதை வாசித்ததும் அருமைநாதன் வாய்விட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "பதின்மூண்டுக்கு முடிக்கலாம்."

வங்கியில் அவருக்கு இருந்தது அந்த வீட்டின் ஒரு கதவுப் பிடிக்குக் காணும். அதுவும் உள்கதவு.

ஆனால் விலை பேசுவதற்குக் காசு வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. யாழ்ப்பாணத்தில் பெரியகடை என்ற கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த நீக்கிலாப்பிள்ளையின் இளைய மகன் அவர். அந்தக் கடையில் பிள்ளைகளுக்கு முதலில் பழக்கியது ஜெபம், இரண்டாவது குறை சொல்வது. எந்தச் சாமானைக் கண்டாலும் முதலில் தட்ட வேண்டும், பிறகு முகத்தைச் சுளிக்க வேண்டும், அதன் பிறகுதான் விலை கேட்க வேண்டும். கொழும்பு மொத்த வியாபாரிகளிடம் கொள்முதலுக்குப் போகும்போது இரண்டு மகன்களும் சேர்ந்தே போவார்கள். இளையவர் அருமைநாதன் ஆசைப்படுகிறவர்; விலை சொல்வது அவர். மூத்தவர் யோசெப் கூட நிற்பவர். விலை சொன்னவன் அதற்குப் பிறகு பின்வாங்கக் கூடாது. அது கடையின் மானம். கூட நிற்பவனோ எந்த நேரத்திலும் ஒரு குறையைக் கண்டுபிடித்து, தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறலாம். அதற்காகத்தான் இருவர்.

இந்தப் படிப்புத்தான் பதினொரு வருடத்துக்கு முன் குடும்பத்தைப் பிரித்தது. யோசெப் லண்டன் ஈஸ்ற்ஹாமில் தன் முதல் வீட்டை வாங்கி, சுவாமியாரைக் கூப்பிட்டு அதை ஆசீர்வதித்து மந்திரிக்க வைத்தார். மொன்ட்ரியாலில் இருந்து தம்பியும் போனார். சுவாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு முன்னால் போக, அருமைநாதன் சுவரைத் தட்டிக்கொண்டு பின்னால் போனார். ஐம்பது பேர் கூடியிருந்த முன்னறையில், "ஈரம் ஏறியிருக்கு அண்ணை. பத்தாயிரம் கூடக் குடுத்திட்டியள்" என்றார். கையில் றோல்ஸ் தட்டோடு நின்ற மச்சாள், யோசெப்பின் மனைவி பிலோமினம்மா, தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு மேலே ஏறிப் போனார். அந்த வீட்டுக்காக ஏழு வருடம் தையல் மெசினில் இருந்தவர் அவர். பின்னேரம் தம்பியின் பெட்டி வாசலில் இருந்தது.

அன்றிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. அண்ணனுக்கு நெஞ்சடைப்பு வந்து கம்பி வைத்ததும், மூத்த மகள் டொக்டர் ஆனதும் ஞாயிறு பூசைக்கு வருகிற ஆட்கள் சொல்லித்தான் அருமைநாதனுக்குத் தெரியும். போன் எடுக்க அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. மன்னிப்புக் கேட்பது காரணம்தான். ஆனால் வியாபாரி வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு ஒருவர் வாசலுக்குப் போகமாட்டான். இப்போது கையில் ஒரு வீடு இருந்தது.

அடுத்த நாளே வீடு விற்கும் முகவருக்குப் போன் செய்தார். பெனெலபி என்ற பெண் எடுத்தாள். தேன் தடவிய இங்கிலீஷ். கனடாவில் இருந்து ஒரு கனவான் கேட்கிறார் என்றதும் தேன் இன்னும் கொஞ்சம் கூடியது. வீட்டை நேரில் பார்க்க யாராவது வர முடியுமா என்று கேட்டாள்.

"என் அண்ணன் வருவார்" என்றார் அருமைநாதன். "அவர் பார்க்காமல் நாங்கள் எதையும் வாங்குவதில்லை."

போனை வைத்தார். தெருமூலையில் இருந்த தெப்பனர் கடையில் ஐந்து டொலர் போன் கார்ட் வாங்கி வந்து, பதினொரு வருடமாகச் சட்டைப் பையில் மாறி மாறி வைத்திருந்த இலக்கத்தை அழுத்தினார்.

"ஹலோ."

"அண்ணை, நான் அருமை."

அந்தப் பக்கத்தில் தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது.

"ஆர் செத்தது?" என்றார் யோசெப்.

"ஒருத்தரும் சாகேல்லை. ஒரு வீடு பாக்க வேணும். உங்கட பக்கம், ஷ்ரொப்ஷயரில."

"வீடு பாக்கிறதில நீ பெரிய கெட்டிக்காரன் எல்லோ. நீயே வந்து பாரன்."

அவ்வளவுதான், அண்ணன் வைத்துவிடுவார் என்று அருமைநாதன் காத்திருந்தார். வைக்கவில்லை. பிறகு, மனமில்லாமல் வருகிற குரலில்:

"என்ன விலை சொல்லுறாங்கள்?"

"பதினேழரை."

"லட்சமோ?"

"ஓம்."

"விசர் பிடிச்சவங்கள். இஞ்ச பாங்குகளே கவிண்டு கிடக்கு, ஒருத்தரும் ஒரு கோழிக்கூடு வாங்கிறேல்லை. எவ்வளவு காலமா விலைக்கு நிக்குது?"

"ஏழு மாசமாம்."

"ஏழு மாசம்" என்றார் யோசெப். மெதுவாக, ருசி பார்த்துச் சொன்னார். அந்தக் குரலை அருமைநாதனுக்குத் தெரியும். மொத்த வியாபாரியின் கடைக்குப் பின்னால் விற்காத சருவப் பாத்திரங்கள் அடுக்கியிருப்பதைக் கண்டால் அண்ணனுக்கு வருகிற குரல். "சனிக்கிழமை போறன். உனக்காக எண்டு நினையாத. அவங்களின்ர விலைக்காக."

சனிக்கிழமை மொன்ட்ரியாலில் காலை பத்து மணி. சமையலறை மேசையில் சஞ்சிகையை விரித்து வைத்துக்கொண்டு அருமைநாதன் இருந்தார். வெளியே மேப்பிள் இலைகளை மாநகரசபை லொறி உறிஞ்சிக்கொண்டு போனது. அக்னெஸ் எதிரில் கீரை ஆய்ந்தாள்.

"உண்மையைச் சொல்லப் போறியளோ, இல்லை வாங்கப் போறியளோ?" என்றாள்.

அதற்குள் போன் அடித்தது.

"அருமை," என்றார் யோசெப், "நான் இப்ப முகத்தைச் சுளிச்சுக்கொண்டு நிக்கிறன், விளங்குதோ. அந்த முகவர்ப் பெட்டை என்னையே பாக்கிறாள். ஆனா வீடெண்டால் இதடா வீடு."

"சொல்லுங்கோ."

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நிக்கிறன். நிலம் இளஞ்சூடாக் கிடக்கு, பூனையின்ர முதுகு மாதிரி. கண்ணாடிச் சுவரை அப்பிடியே மடிச்சுத் தள்ளலாம். தூரத்தில செம்மறியள். அங்கால மலையில மழை பெய்யுது, இஞ்ச வெயில். உன்ர மச்சாளும் வந்தவ, அவ அடுப்படிக்குள்ள போனவ போனவதான்." பிறகு இங்கிலீஷில், வயிற்றுவலிக்காரன் குரலில், "இந்த மரம் எத்தனை வருடம் தாங்கும், மிஸ்? எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார்.

அருமைநாதன் கண்ணை மூடிக்கொண்டார். இந்த நாலு நாளில் அறைகளை எல்லாம் அவர் பிரித்துக் கொடுத்து முடித்திருந்தார். காலை வெயில் விழுகிற பெரிய அறை அண்ணனுக்கும் மச்சாளுக்கும். மாடிப்படி அண்ணனின் நெஞ்சுக்கு ஆகாது என்று நினைவு வந்து, கீழே இருந்த வாசிப்பறையைப் படுக்கையறையாக மாற்றியும் இருந்தார்.

"அந்த நீட்டு மேசைக்கு எத்தினை கதிரை?"

"பதினாலு."

அண்ணன் வீட்டில் ஐந்து பேர், இவர் வீட்டில் நாலு. ஐந்து கதிரை மிச்சம். பிள்ளைகள் கலியாணம் கட்டிப் பேரப்பிள்ளைகளும் வந்தால் அதுவும் காணாது. வீட்டுக்கு ஒரு குறை கிடைத்துவிட்டதில் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"சரி, விலையைச் சொல்லு," என்றார் யோசெப். "நீதானே விலை சொல்லுற ஆள். போனை அவளிட்டைக் குடுக்கிறன்."

வாய் தன்பாட்டில் சொன்னது. பதின்மூன்று. பெனெலபி, வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வெளியே போனாள். போன் திரும்ப யோசெப்பின் கைக்கு வந்தது.

"பதின்மூண்டுக்கு வருவாங்கள் போல கிடக்கு," என்றார். பேச்சில் முன்பிருந்த உற்சாகம் இல்லை. "நீ அங்க நல்லா உழைச்சிருக்கிறாய் என்ன. ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. அண்டைக்கு என்ர வீட்டைப் பாத்து நீ சிரிச்சதில பிழையில்லை எண்டு இப்ப விளங்குது. உன்ர கண்ணுக்கு அது கோழிக்கூடுதான்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்னெஸ் கையை நிறுத்தினாள். "சொல்லுங்கோ" என்றாள் மெல்ல.

அருமைநாதன் எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய விஷயமாக அவருக்கு அது படவில்லை.

"அண்ணை, என்னட்டை ஒரு சதமும் இல்லை. நான் பிளேன் துடைக்கிறன். இந்த வீடு ஒரு சீற்றுப் பைக்குள்ள கிடந்த புத்தகத்தில பாத்தது."

"அப்ப ஏன்ரா என்னை நாலு மணித்தியாலம் கார் ஓட விட்டனி?"

"உங்களோட கதைக்கிறதுக்கு."

எங்கேயோ ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"அண்டைக்கு நான் சிரிக்கேல்லை, அண்ணை. சுவரைத் தட்டினனான். வேண்டாத சாமானை நாங்கள் எப்பவாவது தட்டிப் பாத்திருக்கிறமோ? நான் அப்ப ஒரு பேஸ்மென்ற்றில நாலு பெடியளோட இருந்தனான். நீங்கள் சொந்தத் திறப்பால கதவைத் திறந்தியள். எனக்கு உங்கட வீடு வேணும் மாதிரிக் கிடந்தது. அவ்வளவு ஆசை. ஆசைப்பட்டால் என்ன சொல்லுறதெண்டு ஐயா எங்களுக்கு வேற ஒண்டும் பழக்கேல்லை."

பதில் வருவதற்குள் பெனெலபியின் குதியுயர் சப்பாத்துகள் திரும்பி வருவது தொலைபேசியில் டக் டக்கென்று கேட்டது. வீட்டுக்காரர் பதின்மூன்றுக்குச் சம்மதம் என்றாள். வாழ்த்துகள் என்றும் சொன்னாள்.

அருமைநாதன் சொன்ன விலை. அவரால் பின்வாங்க முடியாது. கையெழுத்து வைக்கும்வரை இங்கிலாந்தில் எவரும் எதற்கும் கட்டுப்பட்டவரல்லர் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பெரியகடையில் அது செல்லாது.

"மிஸ்," என்றார் யோசெப் இங்கிலீஷில், ஆறுதலாக, "இங்கிருந்து கோயிலுக்கு எவ்வளவு தூரம்?"

"கிராமத்திலேயே இருக்கிறது, சேர். மிக அழகான தேவாலயம். எண்ணூறு வருடப் பழசு."

"அது உங்களுடையது. நாங்கள் கத்தோலிக்கர்."

"கத்தோலிக்கக் கோயில் என்றால்... பதினான்கு மைல் என்று நினைக்கிறேன்."

"பதினான்கு மைல்," என்று யோசெப் பெருமூச்சு விட்டார். மலையில் பெய்த மழை முழுவதும் தன் தலையில் விழுந்தது போன்ற பெருமூச்சு. "என் தம்பி தினமும் பூசை காண்கிறவன். அவனுக்கு ஆசைதான். நான் விடமாட்டேன். மன்னிக்க வேண்டும்."

கடைசியாக ஒருமுறை தினப் பூசை கண்டது எப்போதென்று அருமைநாதன் யோசித்துப் பார்த்தார். சின்ன வயதில் புதுநன்மை எடுத்த வருடமாக இருக்கலாம். பெனெலபி ஏதோ சொல்வதும், ஒருவர் மற்றவருக்கு நன்றி சொல்வதும், காலடியில் சரளைக்கல் நொறுங்குவதும் கேட்டது. அண்ணன் நடந்துகொண்டிருந்தார். போனை வைக்கவில்லை.

"ஈரம் இருந்ததுதான்," என்றார் யோசெப் திடீரென்று. "மூண்டாம் வருசம் சுவர் முழுக்க இடிச்சுப் பூசினனான்." கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "இந்தா, மச்சாள் போனைக் கேக்கிறா."

அருமைநாதன் நிமிர்ந்து நின்றார். அண்ணனிடம் சொல்லிவிட்டார். மச்சாளிடம் சொல்வதற்கு ஒன்றையும் ஆயத்தம் செய்திருக்கவில்லை.

"தம்பி," என்றார் பிலோமினம்மா. "உள்ளுக்க ஒரு பைப் இருக்கு. திறந்தால் கொதிதண்ணியே வருது. ஆறேழு தரம் திறந்து பாத்திட்டன்."

"ஓம் மச்சாள்."

"உங்கட வீடு எப்பிடி? நாங்கள் ஒரு படம்கூடக் கண்டதில்லை."

"நாலரை, மச்சாள்."

"நாலரை என்ன?"

"அறை. இஞ்ச அப்பிடித்தான் எண்ணுவினம். அடுப்படியும் ஒண்டெண்டு எண்ணி நாலு. அரை எண்டது குளிக்கிற அறை."

அந்தப் பக்கத்தில் ஒரு சிரிப்பு, வந்த வேகத்தில் அடங்கியது. "சரி. வாசல்ல இருந்து ஒவ்வொண்டாச் சொல்லிக்கொண்டு வாரும். எனக்கு அவசரமில்லை. இவர் காரைத் திருப்பக் கால் மணித்தியாலம் எடுப்பார்."

அருமைநாதன் கம்பியில்லாப் போனோடு வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்து வெளியே நின்றார். ஒக்டோபர்க் குளிர் சேட்டுக்குள் புகுந்தது.

"வெளியில இரும்புப் படி, மச்சாள். வளைஞ்சு வளைஞ்சு ஏறும். பனி விழுந்தால் வழுக்கும். கைபிடி ஆடும். வீட்டுக்காரனுக்குப் பத்துத் தரம் சொல்லியாச்சு." குறைகளை அங்கே நிறுத்தினார். "ஆனா மேல்படியில நிண்டால், ரெண்டு வீட்டுக்கு நடுவால ஆறு ஓடுறது தெரியும். பின்னேரம் பாக்க நல்ல வடிவு."

"எந்தப் பக்கத்தில?" என்று பிலோமினம்மா கேட்டார்.