பாதி வேகம்

பட்டான்செரு சாலையில் இருந்த அந்த அரசு பாய்லர் தொழிற்சாலையில், எந்தச் சோதனையைப் படம் பிடித்தாலும் கேமராவை இரட்டை வேகத்தில் ஓடவிடுவது வழக்கம். வினாடிக்கு இருபத்துநான்கு பிரேம் எடுக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தெட்டு. அதை வழக்கமான வேகத்தில் திரையிட்டால் எல்லாம் பாதி வேகத்தில் நகரும். நீராவி மேகம் மேகமாகப் புரளும், டில்லிக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். ஜெனரல் மானேஜர் வெங்கடராமனுக்கு அப்படித்தான் பிடிக்கும். அவருக்குப் பிடித்ததெல்லாம் பிலிம் பிரிவு ராஜாராமனுக்கும் பிடிக்கும்.

எழுபத்துநாலில் நடந்த ஒரு சோதனையில், நீராவி கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் பிய்த்துக்கொண்டு, வால்வருகே நின்றிருந்த தேவராஜ் வெந்து செத்தார். "பாகோ, பாகோ" என்று யாரோ ஓடச் சொல்லி இந்தியில் கத்தியதைக் கேட்டு ஓடித்தான் பிழைத்தோம் என்றார்கள் மற்ற ஆட்கள். கத்தியது யாரென்று அந்த இரைச்சலில் அவர்களுக்குத் தெரியவில்லை.

விசாரணைக் கமிட்டிக்கு வெங்கடராமனே தலைவர். அந்த மட்டமான கேஸ்கெட்டை வாங்கச் சொன்னவரும் அவரே. தேவராஜ் மேல் தப்பில்லை என்று முடிவானால் அவர் மனைவி லூர்துமேரிக்குக் கேண்டீனில் வேலை கிடைக்கும், குவார்ட்டர்ஸும் நிலைக்கும். தப்பு என்றால் பிள்ளைகளோடு நடுத்தெருதான்.

விசாரணையின் முதல் நாள், அந்தச் சோதனையைப் பிடித்த படத்தை மட்டும் போட்டார்கள். நீராவி கசிய ஆரம்பித்ததிலிருந்து வெடிக்கும்வரை வெங்கடராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பன்னெண்டு செகண்டு! வால்வை மூட பத்து போதும். ஆடி அசைஞ்சு திருகிட்டிருந்திருக்கான் மனுஷன்."

நிஜத்தில் ஆறுதான். ராஜாராமனுக்கு அது தெரியும். சொல்ல வாயெடுத்தார். வெங்கடராமன் திரும்பிப் பார்த்தார். பிரமோஷன் சிபாரிசு அவர் கையில் இருந்தது. ராஜாராமன் வாயை மூடிக்கொண்டார். மனசாட்சி இல்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. இருந்தது. தினமும் தார்நாகா வீட்டில் அதைப் பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டு வருவார், அவ்வளவுதான்.

கமிட்டியில் ஒருவர், ஒலிநாடாவும் இருக்கிறதே, நாளைக்கு அதையும் போடுங்கள் என்றார். ராஜாராமன் தன் அறைக்குப் போய் ஓட்டிப் பார்த்தார். படம் பாதி ஓடுவதற்குள், சாதாரண வேகத்தில் பதிவான சத்தம் முடிந்துவிட்டது. அதற்குள் தேவராஜின் குரல் கணீரென்று இரண்டு தரம் கேட்டது. இதைப் போட்டால் குட்டு உடைந்துவிடும். டேப் ரெக்கார்டரின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். சத்தமும் படமும் கச்சிதமாகச் சேர்ந்துகொண்டன. நல்ல வேலைக்காரர், அதில் குறை சொல்வதற்கில்லை.

மறுநாள் குரலை அடையாளம் காட்ட லூர்துமேரியைக் கூப்பிட்டிருந்தார்கள். ராஜாராமனே அவளுக்கு நாற்காலி போட்டார். திரையில் புருஷன் மெல்ல மெல்ல வால்வைத் திருகுவதை அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். ஒலிபெருக்கியில் எருமை கத்துவதுபோல் ஒரு குரல் இழுத்து இழுத்துக் கத்தியது.

"இது உன் வீட்டுக்காரர் குரலா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா" என்றார் வெங்கடராமன்.

"இல்ல சார். அவரு குரலு மெல்லிசு. சர்ச்ல பாடுவாரு சார். இது வேற யாரோ."

"நிச்சயமா?"

"ஹவ் சார், நிச்சயமா. பொய் நக்கோ. மாதா மேல சத்தியமா இது அவரு இல்ல."

ராஜாராமன் குனிந்து டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். இறந்தவர் வால்வையும் மூடவில்லை, மற்றவர்களை எச்சரிக்கவும் இல்லை, மனைவியே ஒப்புக்கொண்டாள் என்று வெங்கடராமன் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல டைப் அடித்தார்கள். லூர்துமேரிக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஒரு பெண்ணின் வாயாலேயே அவள் சோற்றில் மண்ணைப் போடவைத்த திருப்தியில் கமிட்டி டீ குடிக்கப் போனது.

ராஜாராமன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். லூர்துமேரி அங்கே காத்திருந்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சார், அந்தக் கத்துன மனுசன் யாரு? எப்படிக் கதறுறாரு பாவம்! அவராலதானே அத்தனை பேரு பொழச்சாங்க?"

"ஆமாம்மா."

"எங்க வீட்டுக்காரரும் அவரு பேச்சைக் கேட்டு ஓடியிருக்கலாம். குடுத்து வைக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மனுசனுக்காக ஒரு மெழுகுவத்தி ஏத்தி ஜெபம் பண்ணணும் சார். அவரு பேரு மட்டும் சொல்லுங்க."

"தெரியாதும்மா" என்றார் ராஜாராமன்.