ஈயம் பெற்ற பிள்ளைகள்

அக்காவுக்குக் கோபம் வந்தால் என்னை 'மேடம்' என்பாள். அன்று காலையிலிருந்தே நான் மேடம்தான்.

அணு உலைக்கு அடுத்த கட்டடத்தின் அடித்தளத்தில் எங்களுக்கு ஓர் அறை. சோதனையை வடிவமைத்தது நாங்கள் இருவரும்தான், தலைமை அவள். உலையிலிருந்து கிளம்பும் நியூட்ரினோ என்ற துகள் எதையும் துளைத்துக்கொண்டு போகிற ஆசாமி. எப்போதாவது ஓர் அணுக்கருவை லேசாக இடித்துவிட்டுப் போகும். அந்த இடியை எங்கள் ஜெர்மேனியம் படிகம் பிடிக்க வேண்டும். வேறு கதிர்கள் உள்ளே வராமலிருக்கப் படிகத்தைச் சுற்றி ஈயக் கட்டிகளை அடுக்கியிருந்தோம்.

படிகம் இடிகளைப் பதிவு செய்யத் தொடங்கியதும் அக்கா சந்தோஷத்தில் குதித்தாள். அன்று மதியம் மதிப்பீட்டுக் குழு வருகிறது. காட்ட ஒன்றும் இல்லையென்றால் அறை வேறு ஆட்களுக்குப் போய்விடும்.

என் வாய் சும்மா இருக்குமா?

"உள்பக்கமா இன்னொரு வரிசை ஈயம் வச்சோமே, அப்புறம்தான்க்கா எண்ணிக்கை ஏறுச்சு. நியூட்ரினோவுக்கு ஈயம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? அது ஏன் ஏறணும்?"

"ஏறினா நல்லதுதானே மேடம்?"

"வானத்துலேர்ந்து வர்ற துகள் ஈயத்துல மோதி நியூட்ரானை உதிர்க்குது. அது இடிச்சாலும் படிகத்துக்கு அதே இடிதான். நாம எண்ணிட்டிருக்கறது எல்லாம் ஈயம் பெத்த பிள்ளைங்க!"

அவளுக்கும் புரிந்துவிட்டது. ஈயத்துக்கும் படிகத்துக்கும் நடுவே கனமான பிளாஸ்டிக் பலகை வைத்திருந்தால் அந்த நியூட்ரான்களின் கொட்டத்தை அடக்கியிருக்கும். இடம் போதவில்லை என்று பலகைகளை மூலையில் சாத்தி வைத்தது நாங்கள்தான்.

"உலையை நிறுத்தறப்ப எண்ணிக்கை குறையுதான்னு சரிபார்த்துக்கலாம். இன்னைக்கு மட்டும் வாயைத் திறக்காதே" என்றாள் அக்கா.

மதியம் வந்த குழுத் தலைவர் திரையில் இருந்த வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

"இது நியூட்ரினோதானா?"

அக்கா தொண்டையைச் செருமினாள். நான் முந்திக்கொண்டேன்.

"இல்ல சார். எங்க ஈயம்."

காரணத்தைச் சொன்னேன். ஒரு வார்த்தையையும் மென்று விழுங்கவில்லை.

"அப்போ உங்க கையில ஒண்ணுமே இல்ல?"

"தப்பான பதில் ஒண்ணு இருந்துச்சு சார். அதையும் இப்பதான் தூக்கிப் போட்டேன்."

அவருக்கு முகம் சிவந்தது. மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பயம்தான், மறைப்பானேன்? ஆனால் சொன்னதற்காக வருத்தம் துளியும் இல்லை.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு, உள்வரிசையிலிருந்து ஓர் ஈயக் கட்டியைப் பெயர்த்துத் தரையில் வைத்தாள். பிறகு இன்னொன்று.

"காலி பண்றியாக்கா?"

"அந்த ஆள் சொன்னா உடனே பண்ணிடணுமா? மாசக் கடைசி வரைக்கும் இது நம்ம ரூம்" என்றாள். "மரம் மாதிரி நிக்காம அந்தப் பலகையைத் தூக்கிட்டு வா."